‘ஸாரி’ சொல்ல வைத்தால் போதுமா?

வேப்பமரத்தடி (ஒரு தாய்): என் மகனுக்கு மூன்றரை வயது, பிரீகேஜி. மரக்கட்டைக்கு நடந்த சண்டையில் ஒரு குழந்தையின் கையைக் கடித்துவிட்டான். ஆசிரியை உடனே ‘ஸாரி’ சொல்ல வைத்தாராம். இப்போது வீட்டில் ‘ஸாரி’ என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தங்கையைக் கிள்ளுகிறான்! இந்தப் பழக்கம் தேவையா?

பழைய வாத்தியார்: தேவைதான் அம்மா. முதலில் வாய்க்கு வரட்டும், பொருள் பிறகு வரும். ‘வணக்கம்’ பழக்கியபோது பொருள் விளக்கினீர்களா?

வேப்பமரத்தடி: வணக்கத்தால் யாருக்கும் வலிப்பதில்லை, ஐயா. கடிபட்ட குழந்தை அழுதுகொண்டே நின்றதாம்.

பால்வாடி அக்கா: அங்கன்வாடியில் நான் முதலில் கடிபட்ட பிள்ளையிடம்தான் போவேன். கடித்தவனையும் கூடவே கூட்டிச் செல்வேன். “பார், பல் பதிந்திருக்கிறது, அவளுக்கு வலிக்கிறது.” பிறகு ஈரத்துணி எடுத்துவரச் சொல்வேன். அவனே ஒற்றிவிடுவான். கடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ‘எனக்கும் தா’ என்று கேட்க வராது. அதைப் பழக்கினால் கடிப்பது மெல்லக் குறையும்.

இரண்டு பெண்களின் அப்பா: என் மகள் பள்ளியில் கடிபட்டு வந்தவள். ஈரத்துணி உபசாரமெல்லாம் எனக்கு வேண்டாம். கடித்தவனை மூலையில் நிற்க வைத்தால் மறுநாள் கடிக்க மாட்டான்.

வேப்பமரத்தடி: கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறதே?

பால்வாடி அக்கா: 2009ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது. உங்கள் மகன் அதற்குள் வரமாட்டான். ஆனால் அப்பா, மூலையில் நிற்பவன் என்ன கற்பான்? அக்கா பார்க்காத நேரத்தில் கடிக்க வேண்டும் என்பதைத்தான்.

பழைய வாத்தியார்: சரி, 25 பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒருவனுக்கு ஈரத்துணி கொடுத்துக்கொண்டிருந்தால் மீதி 24 பேர்?

பால்வாடி அக்கா: அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன், ஐயா. 3 வயதுக்கு மேற்பட்ட 20 பேருக்கு ஒருவர் என்கிறது சிறு குழந்தைகளின் பராமரிப்பு, கல்விக்கான 2013இன் தேசியக் கொள்கை. உதவியாளர் சமையலில் இருப்பார். எனக்கு எடை பார்ப்பது, பதிவேடு, கைப்பேசியில் போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துப் பதிவுச் செயலி. சில நாள் நானும் அதட்டித்தான் உட்கார வைக்கிறேன்.

பழைய வாத்தியார்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

வேப்பமரத்தடி: நேற்று வீட்டில் அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். தங்கையின் கையை அழகாக ஒற்றினான். பிறகு அந்த ஈரத்துணியாலேயே அவளை அடித்தான்.

பழைய வாத்தியார்: ‘ஸாரி’ சொன்னானா?