‘ராதிச்சு’ ஒரு சொல்லா, இரண்டா?

பெல்கிரேட்வாசி:
செர்பிய, குரோவேஷிய மொழிகளில் “வேலை செய்வேன்” என்பதை ‘ராதிச்சு’ என்று சேர்த்து எழுதினால் பிழையாம், ‘ராதித் ச்சு’ என்று பிரித்தால்தான் சரியாம். நேற்று பழம்புத்தகம் இங்கே வழங்கிய தீர்ப்பு இது. 11 வருடமாக செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் இருக்கிறேன். யாராவது லீவு போட்டால் என் பேக்கரி முதலாளி ‘ராதிச்சு’ என்று, சிரிலிக் எழுத்தில், ஒரே சொல்லாகத்தான் மெசேஜ் அனுப்புவார். அவருக்கு அவர் தாய்மொழி தெரியாதா?

பழம்புத்தகம்:
செர்பியருக்குப் பிழை என்று நான் எங்கே சொன்னேன்? குரோவேஷியத்தில் பிழை என்றேன். எதிர்காலம் காட்டும் ‘ச்சு’ தனிச்சொல். முன்னால் ‘நான்’ வந்தால் ‘யா ச்சு ராதித்தி’ என்று ‘ராதித்தி’ (வேலை செய்ய) என்ற வினையை விட்டு விலகி நிற்கிறதே!

பெல்கிரேட்வாசி:
காதில் விழுவது என்ன? குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபிலும் ‘ராதிச்சு’தான். அந்த ‘த்’தை யாரும் உச்சரிப்பதில்லை. பேசுவதுபோல் எழுது என்பதுதான் செர்பிய எழுத்தைச் சீர்திருத்திய வூக் கராஜிச் காட்டிய வழி.

புதுமாணவி:
அண்ணா, ‘ஹோச்சு’ என்றால் ‘விரும்புகிறேன்’ என்று பாடத்தில் இருக்கிறது. ஹோச்சு, ஹோச்செஷ், ஹோச்செ. அதே வினைதான் ச்சு, ச்செஷ், ச்செ என்று சுருங்கி எதிர்காலம் காட்டுகிறதா? ‘விரும்புகிறேன்’ எங்கே முடிகிறது, ‘செய்வேன்’ எங்கே தொடங்குகிறது?

பெல்கிரேட்வாசி:
அதெல்லாம் அப்புறம், தங்கச்சி. முதலில் இந்த ‘த்’. 1991-இல் யூகோஸ்லாவியா உடைந்த பிறகு வேறுபாடு காட்டுவதற்காகச் செருகிய எழுத்து அது.

பழம்புத்தகம்:
ஸாக்ரெபில் பிரித்தான்ஸ்கி சதுக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய சிறுவர் கதைப் புத்தகம் என் கையில் இருக்கிறது. அச்சான ஆண்டு 1958. 14-ஆம் பக்கத்தில், பழைய எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், ‘ராதித் ச்சு’. ‘த்’ இருக்கிறது, இடைவெளியும் இருக்கிறது. 1958-இல் எந்த நாடு உடைந்தது?

பெல்கிரேட்வாசி:
ஒரு புத்தகம் மொழியாகிவிடுமா? வாயைத் திறந்து சொல்லிப் பாருங்கள். ராதிச்சு. ‘த்’ எங்கே?

மில்யாட்ஸ்காக்கரை:
‘தோச்சி ச்சு’, அதாவது ‘வருவேன்’, அதைச் செர்பியர்களும் பிரித்துத்தானே எழுதுகிறார்கள்? அதற்குப் பதில் சொல்லுங்கள். போன மாதம் காப்பிக்கு ‘காஃபா’ ஒன்றுதான் சொல் என்று சாதித்தவரும் இவரே. பொஸ்னியாவில் எங்கள் சரயேவோவில் ‘காஹ்வா’, ஸாக்ரெபில் ‘காவா’. இன்றுவரை வாய் திறக்கவில்லை.

பெல்கிரேட்வாசி:
காப்பியை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு என்னை மொழி வெறியன் என்றதை நான் மறக்கவில்லை. ‘தோச்சி’யில் ‘த்’தே இல்லை, அது வேறு கணக்கு. சரி, ‘மாட்டேன்’ என்பதற்கு வரும் ‘நெச்சு’வை 2013-இல் வந்த ஸாக்ரெப் எழுத்திலக்கணமே சேர்த்துத்தானே எழுதச் சொல்கிறது? அங்கே உங்கள் தனிச்சொல் எங்கே போனது?

பழம்புத்தகம்:
அது மறுப்பு வடிவம். ‘நெ ச்சு’ என்று பிரிப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். ‘ராதித்’தில் இருக்கும் ‘த்’ ‘ராதித்தி’யின் ‘த்’. அதைத் தின்றுவிட்டு எழுத முடியாது.

பெல்கிரேட்வாசி:
காது தின்றுவிட்டதே ஐயா! ராதிச்சு. நூறு முறை சொன்னாலும் ராதிச்சு.

புதுமாணவி:
நாளைக்குத் தேர்வு. யாராவது என் கேள்விக்கு...

பெல்கிரேட்வாசி:
சேர்த்து எழுது தங்கச்சி, பயப்படாதே.

பழம்புத்தகம்:
தேர்வு ஸாக்ரெபில் என்றால் மதிப்பெண் போகும் அம்மா.