12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060: எதை வாங்குவது?

தூரிகை:
நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் ரைசன் 5 3600 பிராசஸரும் பி450 மதர்போர்டும் இருக்கின்றன. மானிட்டர் 1080பி. மாலையில் சிறிது நேரம் கேம் விளையாடுவேன். மற்ற நேரமெல்லாம் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வீடுகளின் உட்புறக் காட்சிகளை வடிவமைப்பதே வேலை. என்விடியாவின் கிராபிக்ஸ் கார்டுகளான 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைக்கின்றன. எதை வாங்கலாம் என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

நொடிமுள்:
தயங்காமல் 4060 வாங்குங்கள். கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு 3060தான் பெரிதாகத் தெரியும்; அதில் 3584 கூடா கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 4060-இல் 3072 மட்டுமே. ஆனால் 2021-இல் வந்த 3060 சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 2023-இல் வந்த 4060, டிஎஸ்எம்சியின் 4என் முறையில் செய்யப்பட்டதால், முன்னதன் பூஸ்ட் (உச்ச) வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸ் என்றால் பின்னது 2.46 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கோர்களையும் வேகத்தையும் பெருக்கி, ஒரு சுற்றுக்கு இரண்டு கணக்கு வீதம் இரட்டித்துப் பார்த்தால் 3060-க்கு 12.7 டெராஃபிளாப்ஸும் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடிக் கணக்குகள்) 4060-க்கு 15.1 டெராஃபிளாப்ஸும் வருகின்றன. இவ்வளவையும் 170 வாட்டுக்குப் பதிலாக 115 வாட்டில் செய்கிறது. நாளுக்கு 5 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால், இந்த 55 வாட் வித்தியாசம் ஓர் ஆண்டில் சுமார் 100 யூனிட் மின்சாரம். ரெண்டர் வேலையை (காட்சியைப் படமாக்குவதை) இரவெல்லாம் ஓடவிடுபவருக்கு இது இன்னும் கூடும்.

கருங்கல்:
நண்பர் நொடிமுள் சொன்ன எண்களில் எனக்கு மறுப்பில்லை. சொல்லாமல் விட்ட எண்களில்தான் இருக்கிறது. 3060-இன் மெமரி பஸ் (சிப்புக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை) 192 பிட், 4060-இன் பஸ் 128 பிட். முன்னதன் பேண்ட்வித் (அந்தப் பாதையில் தரவு செல்லும் வேகம்) நொடிக்கு 360 ஜிபி, பின்னதற்கு 272 ஜிபி. எல்லாவற்றுக்கும் மேலாக, கார்டின் சொந்த நினைவகமான வி-ரேம் 12 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகக் குறைந்துவிட்டது. அதே வரிசையில் அடுத்து வரும் கார்டில் நினைவகம் மூன்றில் ஒரு பங்கு குறைவதை முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தூரிகையின் வேலையையே எடுத்துக்கொள்வோம். 4096 × 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சரில் (பொருளின் மேற்பரப்புக்கான படத்தில்) ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 64 எம்பி ஆகிறது. மரத்தரை, சோபாத் துணி, திரைச்சீலை, சுவர்ப் பூச்சு என்று 20 பொருள்கள் உள்ள ஒரு கூடத்தில், ஒவ்வொன்றுக்கும் நிறம், சொரசொரப்பு, நார்மல் (மேற்பரப்பு நோக்கும் திசை), மேடுபள்ளம் என நான்கு படங்கள் வைத்தால் 80 படங்கள்; அவை மட்டுமே 5 ஜிபியைப் பிடித்துவிடும். அதன் பிறகுதான் பொருள்களின் வடிவத் தரவும், ஒளிக்கதிர்கள் எதில் படுகின்றன என்று தேடுவதற்கான கட்டமைப்பும், விண்டோஸும், திறந்து கிடக்கும் பிரவுசரும் வரிசையில் நிற்கின்றன. 8 ஜிபி எங்கே போதும்?

நொடிமுள்:
பிளெண்டருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். கேம்களுக்கு அப்படியே பொருந்தாது. கேம்கள் டெக்ஸ்சர்களைச் சுருக்கிய வடிவிலேயே வைத்திருக்கின்றன. பிசி7 என்ற சுருக்க முறையில் அதே படம் 16 எம்பிதான். பேண்ட்வித்தை மட்டும் தனியே பிரித்துப் பேசுவதும் சரியல்ல. 3060-இல் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான நினைவகம்) 3 எம்பி; 4060-இல் 24 எம்பி. தேவையான தரவு கேஷிலேயே கிடைத்துவிட்டால் வி-ரேம் வரை போகவேண்டிய அவசியமே இல்லை. இதைக் கணக்கில் சேர்த்துத்தான் என்விடியா 4060-இன் பயனுறு பேண்ட்வித் 453 ஜிபி என்று சொல்கிறது.

நினைவகத்தின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால் 4060 டிஐ கார்டைப் பாருங்கள். அதே சிப் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் விற்கப்பட்டது. வி-ரேம் நிரம்பாத கேம்களில், அதாவது 1080பி-யில் பெரும்பாலானவற்றில், இரண்டும் நொடிக்கு ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையிலான பிரேம்களையே (படங்களையே) தருகின்றன.

கருங்கல்:
நிரம்பாத வரை ஒரே வேகம் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிரம்பிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி. வேகம் 15 விழுக்காடு குறைந்தால் 60 பிரேம் 51 ஆகும், விளையாடிக்கொண்டே இருக்கலாம். வி-ரேம் போதாவிட்டால் படம் நின்று நின்று நகரும், அல்லது டெக்ஸ்சர்கள் மங்கிப்போகும். 2023-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் முதல் பாகம் கணினிக்கு வந்த புதிதில் 8 ஜிபி கார்டுகள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தூரிகையின் மதர்போர்டையும் கவனிக்க வேண்டும். 4060-க்கு, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் 8 மட்டுமே, 3060-க்கு 16. பி450 போர்டு மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுவதால் 4060-க்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு 8 ஜிபிக்கும் சற்றுக் குறைவு. 3060-க்கு அதைப்போல் இரு மடங்கு. சாதாரண நேரத்தில் இதனால் பெரிய இழப்பில்லை. ஆனால் வி-ரேம் நிரம்பி, மீதித் தரவை ரேமிலிருந்து இழுக்க வேண்டி வரும்போது அந்தக் குறுகிய பாதைதான் கதி. 453 என்ற எண்ணும் கேஷில் தரவு கிடைக்கும்போது மட்டுமே உண்மை. மானிட்டரை 1440பி-க்கு மாற்றினால் கேஷில் கிடைக்கும் பங்கு குறைகிறது.

பொதிகை:
இருவரும் பிரேம் ஜெனரேஷனைத் தொடவே இல்லை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பத்தின் அந்த வசதி 4060-இல் உண்டு, 3060-இல் இல்லை. ஏவி1 முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் அப்படித்தான்.

கருங்கல்:
ஏவி1 உண்மையான நன்மை, மறுக்கவில்லை. ஆனால் பிரேம் ஜெனரேஷன் இருக்கிற பிரேம்களுக்கு நடுவே புதியவற்றைச் செருகுகிறதே தவிர, மவுஸ் அசைவுக்கு கேம் பதிலளிக்கும் வேகத்தைக் கூட்டுவதில்லை. அது வேலை செய்யவே தனியாக வி-ரேமும் வேண்டும். எது குறைவோ அதையே மேலும் கேட்கிறது.

தூரிகை:
என் பழைய 6 ஜிபி கார்டில் ஒரு கூடத்தின் காட்சியை ரெண்டர் செய்தபடியே டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். கார்டின் சொந்த நினைவகம் முழுவதும் நிரம்பியதோடு, பகிர்வு நினைவகமும் (கணினியின் ரேமிலிருந்து எடுப்பது) 2.5 ஜிபியைத் தாண்டி நிற்கிறது.

நொடிமுள்:
அப்படியானால் 8 ஜிபியில் அந்தக் காட்சி இப்போதைய நிலையில் அடங்காது. ஆனாலும் கேமராவுக்குத் தொலைவில் உள்ள பொருள்களுக்கு 2048 அளவுப் படங்கள் போதும். ஒரு படம் 64-இலிருந்து 16 எம்பியாகிவிடும். பிளெண்டரின் சிம்ப்ளிஃபை பகுதியில் டெக்ஸ்சர் வரம்பை ஒரே இடத்தில் குறைக்கலாம். அடங்கிவிட்டால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் 4060 தெளிவாகவே முந்தும், அதுவும் குறைந்த சூட்டில். என் பரிந்துரையை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

கருங்கல்:
அந்த வரம்பு எல்லா டெக்ஸ்சருக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது. கேமராவுக்கு முன்னே இருக்கும் சோபாவின் துணியும் சேர்ந்தே மங்கும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு படத்தையும் கையால் குறைக்க வேண்டும். வாடிக்கையாளர் நெருக்கத்திலிருந்து இன்னொரு கோணம் கேட்டால் மறுபடியும் அதே வேலை. கார்டின் குறையைத் தன் உழைப்பால் ஈடுகட்ட வேண்டிய நிலை தொழிலுக்குப் பயன்படுத்துபவருக்கு வரக்கூடாது.

தூரிகை, 3060 வாங்குவதென்று முடிவெடுத்தால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். 2022-இன் பிற்பகுதியில் அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. அதில் பஸ் 128 பிட், பேண்ட்வித் 240 ஜிபி. பெட்டியில் 12 ஜிபி, 192 பிட் என்ற இரண்டும் இருக்க வேண்டும். பில்லிலும் 12 ஜிபி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.