24 வோல்ட் பவுசரில் ஒரு பற்றரி மட்டும் திரும்பத் திரும்ப இறங்குகிறது, உதவி தேவை

யார்ட் மேற்பார்வை:
கொழும்புப் பக்கம் ஓர் உள்ளூராட்சி சபையின் வாகனப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் தண்ணீர் பவுசர் அவசரத்துக்குத்தான் வெளியே போகும், மற்ற நாட்களில் யார்டில் நிற்கும். திங்கட்கிழமை காலைகளில் சாரதி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பார். அப்படியிருந்தும் தேவைப்படும் நேரம் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்தான். 12 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராகப் பூட்டிய வண்டி இது. அதில் ஒரு பற்றரி செத்துப்போய்ப் புதிது போட்டோம், அதுவும் அதே மாதிரி இறங்குகிறது. எஞ்சின் ஓடும்போது இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் காட்டுகிறது, அதனால் சார்ஜ் ஏற்றும் ஓல்டனேட்டரில் பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை மூழ்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு நாளில் பவுசர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சனத்திடம் சொல்ல முடியாது.

இன்னொன்று: ட்ரெய்லரில் உள்ள டீசல் பம்பின் எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இழுக்கவில்லை.

லொறி வயரிங்:
தம்பி, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிழை தெரியாது. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள். நிறைந்த பற்றரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12க்குக் கீழே போனால் அது காலி. அப்புறம், அந்த வண்டியில் 12 வோல்ட் சாமான் ஏதாவது பிறகு பூட்டினார்களா? ரேடியோ, சுழல் விளக்கு, போன் சார்ஜர்?

யார்ட் மேற்பார்வை:
பார்த்தேன் அண்ணா. ஒன்று 12.7, மற்றது 11.6. முன்பு யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் மஞ்சள் சுழல் விளக்கும் ரேடியோவும் பூட்டியிருக்கிறார். இரண்டு பற்றரிக்கும் நடுவிலிருந்துதான் வயர் போகிறது.

லொறி வயரிங்:
அதுதான் காரணம். நடுவில் வயர் எடுத்தால் பொடியோடு (வண்டியின் இரும்பு உடம்போடு) இணைத்த பக்கத்துப் பற்றரி மட்டும் அந்த ரேடியோவுக்கு வேலை செய்யும், மற்றது சும்மா இருக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது இரண்டும் தொடராக இருப்பதால் ஒரே கரண்ட்தான் இரண்டுக்குள்ளும் போகும். காலியானது ஒருநாளும் நிறையாது, நிறைந்தது அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். மொத்தம் 28 என்று காட்டினாலும் உள்ளே ஒன்று 13, மற்றது 15 என்று இருக்கலாம். இப்படியே விட்டால் எத்தனை புதுப் பற்றரி வாங்கினாலும் சபையின் காசுதான் போகும்.

நடு வயரைக் கழற்றுங்கள். விளக்கை 24 வோல்ட் விளக்காக மாற்றுங்கள், ரேடியோவுக்கு 24இலிருந்து 12க்கு இறக்கும் கன்வேட்டர் போடுங்கள், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பாருங்கள். இரண்டு பற்றரியையும் கழற்றி, 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாக முழுதாக ஏற்றிவிட்டுப் பூட்டுங்கள். இனி மாற்றுவதென்றால் ஒரே வகையில், ஒரே வயதில், சோடியாக மாற்ற வேண்டும். நிறுத்தி வைக்கும் வண்டிக்கு மெயின் சுவிட்ச் ஒன்றும் பூட்டினால் சாவி எடுத்த பிறகு களவாகக் கரண்ட் குடிப்பது நிற்கும்.

பழைய சாரதி:
ஐந்து நிமிட ஸ்டார்ட்டையும் விடச் சொல்லுங்கள். பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது பற்றரி இழக்கிற கரண்ட், ஐட்லிங்கில் ஓடும் அந்தக் கொஞ்ச நேரத்தில் திரும்பி ஏறாது. தொட்டியில் தண்ணீரோடு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது வீதியில் ஓட்டுங்கள். அப்போதுதான் எயார் பிரேக் பிடிக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, டயர் சரியா என்பதெல்லாம் தெரியும். எயார் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரையும் வடியுங்கள், நம்முடைய ஈரக் காற்றுக்கு நிறையச் சேரும். பவுசரின் பம்பையும் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடி, தண்ணீர் வெளியே வராவிட்டால் அந்த வண்டி சும்மா லொறிதான்.

பம்ப் கராஜ்:
ட்ரெய்லர் பம்புக்கு: பம்பின் உடம்புக்குள் முதலில் தண்ணீர் நிரப்பினீர்களா? தானாக இழுக்கும் வகை என்றாலும் உள்ளே தண்ணீர் இல்லாமல் இழுக்காது. காய்ந்து ஓடினால் சீலும் போய்விடும். நிரப்பியும் இழுக்காவிட்டால் உறிஞ்சும் ஹோஸின் இணைப்புகளைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஓடும்போது இணைப்பில் ஈரத் துணியை இறுக்கிச் சுற்றுங்கள், உடனே இழுக்கத் தொடங்கினால் வொஷர் போய்விட்டது. போன வெள்ளத்துச் சேறு காய்ந்து உள் வால்வு ஒட்டிக்கொள்வதும் உண்டு. தண்ணீரிலிருந்து உயரத்தையும் கவனியுங்கள், 7 மீற்றருக்கு மேல் வைத்தால் நல்ல பம்பும் திணறும்.

ஸ்டோர்ஸ் அக்கா:
தம்பி, 12.7, 11.6 என்ற அளவுகளைத் திகதியோடு ரன்னிங் சார்ட்டிலும் (வண்டியின் ஓட்டப் பதிவு) வாகனக் கோப்பிலும் எழுதி வையுங்கள். வெறுமனே 'பற்றரி தேவை' என்று வரும் கடிதத்துக்கு நாங்கள் பற்றரிதான் வாங்கித் தருவோம். காரணத்தோடு வந்தால்தான் கன்வேட்டருக்கு அனுமதி எடுக்க முடியும். பம்ப் வொஷர், டீசல் ஃபில்டர் போன்ற சின்னச் சாமான்களை மழைக்கு முன்பே கேட்டு வாங்கி, அந்த ட்ரெய்லரிலேயே ஒரு பெட்டியில் வையுங்கள். ஞாயிறு இரவு வெள்ளம் வந்தால் ஸ்டோர்ஸ் பூட்டியிருக்கும்.

யார்ட் மேற்பார்வை:
எல்லோருக்கும் நன்றி. நடு வயரைக் கழற்றிவிட்டோம், இரண்டு பற்றரியும் சார்ஜில் இருக்கின்றன. பம்பில் ஹோஸ் வொஷர்தான் வெடித்திருந்தது, மாற்றியதும் இழுக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும்: 11.6க்கு இறங்கிய அந்தப் பற்றரியை இன்னும் நம்பலாமா?

லொறி வயரிங்:
முழுதாக ஏற்றி, கழற்றி ஒரு நாள் வையுங்கள். 12.5க்கு மேல் நின்றால் பூட்டி, ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரைப் பாருங்கள். அந்த ஒரு பற்றரி 9.6க்குக் கீழே விழுந்தால் அவசர வண்டிக்கு அது வேண்டாம்.