தில்லியில் காற்றையும் கழிவுநீரையும் நம்பிப் பிழைக்க வந்திருப்பவர்களுக்கு

சுற்றுச்சூழல் துறையில் படிக்கவும் வேலை பார்க்கவும் தில்லிக்கு வந்து, இங்கே என்னிடம் கேள்வி கேட்டிருக்கும் தம்பி தங்கைகளில் பாதிப் பேர் வீடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் எந்த நிறுவனத்தில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன். இந்த ஊரில் ஒன்றை முடிவு செய்யாமல் மற்றதை முடிவு செய்ய முடியாது. வேலை கிழக்கே ஷாதராவில், வீடு தெற்கே முனிர்க்காவில் என்று அமைந்துவிட்டால் உங்கள் ஆராய்ச்சியெல்லாம் மெட்ரோவில் நின்றபடியே முடிந்துவிடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் யமுனைக்கு அந்தப் பக்கம், கிழக்கு அர்ஜுன் நகரில் இருக்கிறது. ஐ.ஐ.டி.யின் வளிமண்டல அறிவியல் மையமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) சுற்றுச்சூழல் அறிவியல் புலமும் தெற்கே அருகருகே. எரிசக்தி, சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான டெரியும் வானிலைத் துறையும் லோதி சாலையில். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (சி.எஸ்.இ.) துக்ளகாபாத் பக்கம். கருவிகளின் அளவீட்டுத் துல்லியத்தைச் சரிபார்க்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் பூசாவில். தெற்கே வேலை என்றால் முனிர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய் ஆகிய மூன்றிலும் ஒற்றை அறை கிடைக்கும். வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் பகலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பூசா என்றால் கரோல் பாக். கிழக்கே என்றால் மயூர் விஹார்; அங்கே தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர். குடும்பத்தோடு வந்திருப்பவர்கள் முதலில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வீடு தேடுவது நல்லது. மலை மந்திர் என்னும் முருகன் கோவிலும் தமிழ்ச் சங்கமும் ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கின்றன என்பதற்காக மட்டும் அங்கே அதிக வாடகை கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போய் வந்தால் போதும்.

இனி வேலை. "அக்கா, அறிக்கை எழுதும் நிறுவனத்தில் சம்பளம் கூடுதலாக இருக்கிறது, அளவீட்டு வேலையில் குறைவாக இருக்கிறது, எதை எடுக்கலாம்?" என்று திருநெல்வேலித் தம்பி கேட்டிருக்கிறார். இரண்டாவதை எடுங்கள் என்பேன். கடன் சுமை இருக்கிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் சம்பளத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். மற்றவர்கள் முதல் ஓரிரு ஆண்டாவது கருவியும் கால்வாயும் கைக்கு எட்டும் இடத்தில் இருங்கள். தில்லியில் கொள்கை பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. கூட்டத்தில் அந்த எண் பிழை என்று யாராவது சொன்னால், பதில் சொல்லத் தெரிந்தவர் பக்கம்தான் எல்லாத் தலைகளும் திரும்பும்.

செய்தியில் தினமும் வரும் பி.எம். 2.5 எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்; காற்றில் 2.5 மைக்ரான் அளவுக்கு மேற்படாத நுண்துகள் எவ்வளவு என்பதைச் சொல்வது அது. ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் குளிரூட்டிய சிறு கொட்டகை. அதன் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும் குழாய் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறது. குழாயின் தலைப்பகுதி பெரிய துகள்களை வடித்துவிட்டு நுண்துகள்களை மட்டும் கண்ணாடி இழை நாடாவின்மேல் படியவிடுகிறது. கார்பன்-14-இலிருந்து வரும் பீட்டாக் கதிர்களை அந்த இடத்தில் பாய்ச்சுகிறார்கள். தூசு கூடக்கூட மறுபக்கம் வந்து சேரும் கதிர் குறையும், அந்தக் குறைவுதான் கணக்கு. ஒரு மணி நேரம் ஆனதும் நாடா நகர்ந்து அடுத்த புள்ளி தொடங்கும். ஆகஸ்டு மழையில் ஓடிய நாடாவில் புள்ளி இருப்பதையே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நவம்பர் நாடாவை விரித்தால் வரிசையாகக் கரும்பொட்டுகள். அதிலும் நடு இரவிலிருந்து காலைவரை உள்ளவை பிற்பகலில் விழுந்தவற்றைவிடக் கறுத்திருக்கும். குளிர்ந்த இரவில் காற்றுக் கலக்கும் அடுக்கு தரையோடு தரையாக இறங்கிவிடுவதால், ஊரின் புகை மேலே போக வழியில்லை.

அந்தத் தலைப்பகுதியை உரிய காலத்தில் துடைக்காவிட்டாலும், குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும், பக்கத்து மாடியில் யாராவது டீசல் ஜெனரேட்டரை ஓட்டினாலும் எண் மாறும். இதையெல்லாம் நேரில் பார்த்த ஒருவர் பின்னாளில் காற்று மாசைக் கணிக்கும் மாதிரியைக் கணினியில் உருவாக்க உட்கார்ந்தால், திடீரென்று எகிறும் ஒரு மதிப்பைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு அளவீட்டு நிலையத்துக்குத் தொலைபேசி செய்வார். பார்க்காதவர் அதற்கும் ஒரு விளக்கம் எழுதி, வரைபடமும் போட்டுவிடுவார். நம் நாட்டுத் தரப்படி பி.எம். 2.5-இன் 24 மணி நேரச் சராசரிக்கு உச்சவரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கும் வாதங்களில்தான் உங்கள் வேலைநாளில் பெரும்பகுதி கழியும்.

தண்ணீர்ப் பக்கம் வந்திருக்கும் தங்கைக்கும் இதையேதான் சொல்வேன். யமுனை தில்லிக்குள் நுழையும் பல்லாவில் ஒரு புட்டி நீர் எடுத்து, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டுக் குலுக்குங்கள். பழுப்பாக வீழ்படிவு இறங்கினால் நீரில் ஆக்சிஜன் இருக்கிறது என்று பொருள். அதே நாளில் வசீராபாத் தடுப்பணைக்குக் கீழே, நஜஃப்கர் கால்வாய் கலந்த பிறகு, கோடைகாலத்தில் எடுத்துப் பாருங்கள்; வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும். சோதனைச்சாலைக்குப் போகுமுன்பே விடை புட்டிக்குள் தெரிந்துவிடும். ஆறு இப்படிக் கெட்டு ஓடும் வசீராபாத்துக்கும் ஓக்லா தடுப்பணைக்கும் இடையே 22 கிலோமீட்டர்தான், ஆற்றின் மொத்த நீளத்தில் 2 சதவீதம்கூட இல்லை. கூவத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாடை புதிதாக இருக்காது. ஆனால் நஜஃப்கர் கால்வாய் ஒரு காலத்தில் சாஹிபி என்ற ஆறு என்று கரையிலிருக்கும் பெரியவர்கள் சொல்லும்போது கொஞ்சம் நேரம் நின்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத கிளை வாய்க்கால்களை அவர்கள்தான் காட்டுவார்கள்.

"குளிர்சாதனத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தால் எடுபடுமா?" என்று கேட்ட ஓசூர்த் தம்பிக்கு, வீரபத்திரன் ராமநாதனைத் தேடிப் படிக்கச் சொல்வேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். செகந்தராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி ஆலையில் அவருக்கு வாய்த்த வேலை, குளோரோபுளோரோகார்பன் வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பது. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. அதே வாயுவின் ஒரு மூலக்கூறு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று 1975-இல் எழுதினார். பருவநிலை மாற்றம் கார்பன் டை ஆக்சைடோடு முடிவதில்லை என்பது அதன்பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. 1999-இல் இந்தியப் பெருங்கடல்மேல் பரவும் பழுப்புப் புகைமண்டலத்தை அளந்த பன்னாட்டு ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவரும் அவரே. ஆலையில் கழிந்த காலத்தை வீண் என்று எழுதிவிடாதீர்கள், தம்பி. நேர்காணலிலும் அதை மறைக்க வேண்டாம்.

பணம். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. நெட் அல்லது கேட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சி இல்லாமல், ஓர் ஆய்வுத் திட்டம் ஓடும்வரை மட்டும் நீடிக்கும் திட்டப் பணியில் சேர்ந்தால் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். 2021 முதல் கேட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் தனிப்பாடமாகவே வந்துவிட்டதால், அதை எழுதிவைப்பது நல்லது. திட்டப் பணியில் ஒரு தொல்லை உண்டு: நிதியாண்டு மாறும்போது அடுத்த தவணை வருவது தாமதமாகும், சம்பளம் நிற்கும். நான் இருந்த ஓர் இடத்தில் அது மாதக்கணக்கில் நின்றது. வீட்டுக்காரர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார். ஆகவே மூன்று மாத வாடகை கையிருப்பில் இல்லாமல் திட்டப் பணிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நியமனக் கடிதத்தில் திட்டம் முடியும் தேதி எது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கட்டுமானம், சாலை, கழிவு மேலாண்மை என்று நகர்ப்புறப் பொறியியலுக்கு வந்தவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். கிராப் என்று எல்லாரும் சொல்லும் படிநிலைச் செயல்திட்டம் 2017 முதல் நடப்பில் இருக்கிறது. காற்று மோசமாகி அதன் மேல் படிகள் அமலானால் கட்டுமானப் பணிகள் நின்றுவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை போடும் எந்த வேலை அட்டவணையையும் நம்பாதீர்கள். உங்களுக்காவது மாதச் சம்பளம் வரும். அன்றாடக் கூலிக்கு வந்த தொழிலாளர்களின் நிலையைத் தளத்தில் நீங்களே பார்ப்பீர்கள். சுத்தமான காற்றுக்கான செலவை இந்த ஊரில் முதலில் கட்டுகிறவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

மண் இயக்கவியல் படித்தவர்கள் குப்பைமேட்டை ஒரு துறையாக நினைப்பதே இல்லை. கிழக்குத் தில்லியின் காசிப்பூர் குப்பைமேடு 1984-இல் தொடங்கியது, 2002-லேயே நிரம்பிவிட்டது, அதன்மேல் கொட்டிக்கொண்டே போனார்கள். 2017 செப்டம்பரில் ஒரு பகுதி சரிந்து சாலையில் போனவர்களைக் கால்வாய்க்குள் தள்ளியதில் இருவர் இறந்தார்கள். மேடு சரியாமல் நிற்கவைப்பது, குப்பையிலிருந்து வடியும் கசிநீர், உள்ளே எரியும் மீத்தேன், பழைய குப்பையைச் சலித்துப் பிரிப்பது என்று நூறு பேருக்கு வேலை இருக்கிறது. முகம் சுளிக்காதவர்களுக்கு இதில் எதிர்காலம் உண்டு.

இந்தி இல்லாமல் அலுவலகத்தில் ஓட்டிவிடலாம், களத்தில் முடியாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவுப் பணி பார்ப்பவரிடம் எந்தப் பம்பு உண்மையில் ஓடுகிறது என்று கேட்க இலக்கணம் தேவையில்லை, கூச்சம் இல்லாமல் இருந்தால் போதும். அவரோடு ஒரு தேநீர் குடித்தால், பதிவேட்டில் இல்லாத விவரங்கள் கிடைக்கும்.

குளிர் பற்றிப் பலர் பயந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மா அனுப்பத் துடிக்கும் கம்பளிகளெல்லாம் வேண்டாம், இங்கேயே மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. காவலாளிகள் கரி மூட்டிக் குளிர்காயும் அங்கீட்டியை ஒருபோதும் மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் தூக்கத்திலேயே இறந்தவர்கள் பற்றிய செய்தி வருகிறது. தேர்வுக்கு இதை எழுதி மதிப்பெண் வாங்கியவர்களும் ஜனவரி இரவில் மறந்துவிடுகிறார்கள். முகக்கவசம் என்95 ஆக இருக்கட்டும். துணிக்கவசம் நுண்துகளைத் தடுக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் படிக்க வந்திருப்பவர்கள் இருவர் கேட்டிருக்கிறீர்கள். மாணவர் விசா 180 நாளுக்கு மேற்பட்டது என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் இணையவழியே போகும். அதற்கு வீட்டு வாடகை ஒப்பந்தமோ விடுதிச் சான்றோ கேட்பார்கள். ஆகவே முதல் வாரமே கல்லூரி அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை வாங்கிவிடுங்கள், பாடத்திட்டம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மத்திய அரசின் நிரந்தர விஞ்ஞானிப் பணிகள் உங்களுக்குத் திறந்திருக்காது என்பதால், முனைவர் படிப்பு, பன்னாட்டு அமைப்புகள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றைக் குறிவையுங்கள்.

மின்கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு: வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது இங்கே வழக்கம், அரசு மானியம் உங்கள் கைக்கு வராமல் போகலாம். அறை எடுக்குமுன் அந்த விலையைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வெந்நீர்க் கொதிகலன் போட்டால் ஜனவரிக் கட்டணம் எகிறும். நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் ஐ.என்.ஏ. சந்தையில் கிடைக்கும்.