450 கிலோவோல்ட்டில் பேய் நிழல்: சீசியம் அயோடைடை மாற்றலாமா?

வார்ப்புக்காரன்: கோவையில் பம்ப் வார்ப்புகளை 450 கிலோவோல்ட் எக்ஸ்ரேயில் சிடி ஸ்கேன் எடுக்கிறோம். லீனியர் டிடெக்டரில் (கோடாக அடுக்கிய உணரி) எக்ஸ்ரேயை வெளிச்சமாக மாற்றும் படிகம், தாலியம் கலந்த சீசியம் அயோடைடு. வெறும் காற்றைப் பார்த்துவிட்டு உருக்குக்குள் நுழைந்ததும் பழைய வெளிச்சம் கோடாக இழுபடுகிறது. நேற்று விரிசல் என்று நினைத்து நல்ல உருப்படியை ஒதுக்கிவிட்டேன். திட்டு வாங்கியாச்சு.

படிகப்பித்தன்: அது பின்னொளிர்வு சார். அந்தப் படிகம் ஒரு கேஇவி (கதிர் ஆற்றலின் அலகு) எக்ஸ்ரேக்கு 54 ஃபோட்டான் (ஒளித்துகள்) வரை அள்ளித் தரும். ஆனால் உள்ளே சிக்கிய எலக்ட்ரான்கள் மில்லிநொடிகள் கழித்தும் சொட்டிக்கொண்டே இருக்கும். மாற்றாக காட்மியம் டங்ஸ்டேட் படிகத்தைப் பாருங்கள். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம், உங்களுடையது 4.5. இழுவை மிகக் குறைவு. ஒளிதான் நாலில் ஒரு பங்கு.

பழைய_ஃபிலிம்: காட்மியம் டங்ஸ்டேட் அடுக்கடுக்காகப் பிளக்கும், பத்திரம். ஸ்பேனர் பட்டு ஒன்றை உடைத்தவன் சொல்கிறேன். காட்மியம் நஞ்சு, தூளை ஊதாதீர்கள்.

வார்ப்புக்காரன்: ஒளி குறைந்தால் ஸ்கேன் வேகம் போகுமே?

படிகப்பித்தன்: போகும். ஆனால் தடித்த உருக்கில் அதிகக் கதிரைப் பிடிப்பதால் ஓரளவு ஈடாகிவிடும்.