ஷாக் அப்சார்பருக்குத் தமிழில் என்ன? எண்ணெய் கசிகிறதா, ஒழுகுகிறதா?

நாகர்கோவில், மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆசிரியர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக ஒரு பணிமனைத் தாள் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். காரில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் விட்டால் என்ன செய்வது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய கையேட்டில் 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று இருக்கிறது. அதைப் படித்த பையன்கள் மின்சார ஷாக்கோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

பெயரைவிட முக்கியமான தேவை இன்னொன்று. ஷாக்கின் தண்டு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீலுக்கு மசகாகக் கொஞ்சம் எண்ணெயைக் கூட்டிக்கொண்டு வரும். அதனால் மேல்பகுதியில் மெல்லிய படலமும் அதில் ஒட்டிய தூசியும் தெரிவது இயல்பு. உடல் முழுக்க நனைந்து, எண்ணெய் கீழ்வரை வடிந்திருந்தால்தான் சீல் போய்விட்டது என்று பொருள். இரண்டையும் 'லீக்' என்றே சொல்வதால் பையன்கள் நல்ல ஷாக்கைக் கழற்றிவிடுகிறார்கள், போன ஷாக்கை விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். உதவுங்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, நல்ல கேள்வி. முதலில் 'அதிர்ச்சி'யைத் தூக்கிப் போடுங்கள். இன்றைய வழக்கில் அது மனத்துக்குப் போய்விட்டது. ஆனால் 'அதிர்' நம்முடைய பழைய வேர். தொல்காப்பியம் உரியியலில் அதிர்வையும் விதிர்ப்பையும் சேர்த்து, இரண்டும் நடுக்கத்தைக் குறிக்கும் என்கிறது. 'அதிர வருவதோர் நோய்' என்று வள்ளுவர் சொன்னதும் நடுங்க வருவதைத்தான்.

இதில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அதிர்வு ஒருமுறை இடிபடுவது, விதிர்ப்பு திரும்பத் திரும்ப ஆடுவது. திருவாசகத்தில் 'விதிர்விதிர்த்து' என்று இரட்டித்து வருகிறதே, அந்த இரட்டிப்பிலேயே ஆட்டம் இருக்கிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் ஆடிக்கொண்டே போகிறதே, அது விதிர்ப்பு. ஆகவே 'விதிர்ப்படக்கி' என்று முன்மொழிகிறேன்.

தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில் என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து அதங்கோடுதான் என்று இங்கே நாம் உரிமையோடு சொல்லி வருகிறோம். அந்த மண்ணில் இருந்துகொண்டு உரியியலை விட்டுவிட்டு 'உறிஞ்சி'க்குப் போவானேன்?

குளச்சல், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்:

சார், அதங்கோட்டுக்காரர் யாராவது வண்டியைக் கொண்டுவந்து 'விதிர்ப்படக்கி பாருங்க' என்று சொன்னால் எனக்குப் புரியாது. நாங்கள் சொல்வது 'ஷாக்', அவ்வளவுதான். 'முன்பக்க ஷாக் போச்சு', 'ஷாக் எண்ணெய் விட்டிருக்கு'.

தாளில் ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்கிறேன். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். கடற்காற்று வேறு. தண்டின் குரோம் பூச்சில் துரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி மேலும் கீழும் போய் சீலின் உதட்டை அறுக்கும். அதற்கு முன்பே தூசி காக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கும். உறை கிழிந்ததைப் பார்த்தவுடன் மாற்றினால் ஷாக் பிழைக்கும். மாணவனுக்கு இது தெரிய வேண்டும், சொல் எதுவானாலும்.

இன்னொன்று. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் உடனே ஷாக் என்று முடிவு கட்டாதீர்கள். பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை நகர்த்தவே கூடாது.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் இரணியல்காரர், இயந்திரப் பொறியாளர்:

தமிழாசிரியர் ஐயா தொட்ட இடம் சரியானது. பொறியியலும் அதையே சொல்கிறது. பள்ளத்தின் இடியை வாங்குவது சுருள்வில். வாங்கிய வில் சும்மா இருக்காது, ஆடும். உருளைக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சின்னச் சின்ன துளைகள் வழியாகத் தள்ளுகிறது, அந்த எதிர்ப்பு ஆட்டத்தை வெப்பமாக மாற்றிக் கொன்றுவிடுகிறது. எனவே 'உறிஞ்சி', 'ஏற்பி', 'தாங்கி' மூன்றுமே வேலையைத் தவறாகச் சொல்கின்றன. 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்கும் போய்விட்டது. நம் பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் போல வண்டியின் எடையைத் தாங்கி நிற்பது வில்தான். ஷாக் முழுதாகச் செத்தாலும் வண்டி உட்கார்ந்துவிடாததற்குக் காரணம் அது. அதனால்தான் பலர் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்த பிறகு, பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும் நிலைக்கு வந்த பிறகுதான் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள்.

பிரிட்டனில் இதை 'டாம்பர்' என்றே அழைக்கிறார்கள், தணிப்பது என்ற பொருளில். நாமும் 'அதிர்வு தணிப்பான்' என்று வைப்போம்.

மார்த்தாண்டம், பள்ளித் தமிழாசிரியை:

கருவிப் பெயருக்கு நமக்கு இயல்பாக வருவது இகர விகுதி: மண்வெட்டி, பாக்குவெட்டி, ஒலிபெருக்கி. 'தணி' இகரத்திலேயே முடிவதால் அது ஒட்டாது. 'தணிப்பி' என்றால் பிறர் மூலம் தணிக்கச் செய் என்ற ஏவல் போல ஒலிக்கிறது. ஆகவே 'தணிப்பான்' சரிதான். உழவர்கள் 'தெளிப்பான்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், அதே அமைப்பு. 'ஆன்' ஆண்பால் அல்லவா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது 'அதிர்வடக்கி'. ஒரே சொல், பையன் வாயில் நிற்கும்.

தக்கலை:

டீச்சர், 'அதிர்வு' முற்றியலுகரம். 'அதிர்வு அடக்கி' என்று பிரிந்து நிற்பதுதானே முறை?

மார்த்தாண்டம்:

ஐயா, நன்னூல் 'முற்றும் அற்று ஒரோவழி', அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று இடம் கொடுத்திருக்கிறதே. கதவு, அழகு சேர்ந்து கதவழகு ஆகவில்லையா? உங்கள் விதிர்ப்படக்கியில் உகரம் கெட்டதைப் போல இங்கேயும் கெடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம், ஆசிரியர் கேட்டதே அதுதான். கசிவும் ஒழுக்கும் ஒன்றல்ல. 'காதலாகிக் கசிந்து' என்னும்போது உள்ளிருந்து மெல்ல ஈரம் வெளிப்படுகிறது. ஒழுகுதல் வழி கண்டு ஓடுவது. படலத்துக்குக் கசிவு, வடிந்து ஓடினால் ஒழுக்கு. நான் இரண்டையும் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இரணியல்காரர்:

எங்கள் பக்கம் மலையாள வீடுகளில் 'சோர்ச்ச' என்பார்கள். சோர்தல் பழந்தமிழில் வடிதலும்தான், கண்ணீர் சோர என்கிறோமே. மூன்றாவது நிலைக்கு, எண்ணெய் முழுதும் போனதற்கு, 'சோர்வு' வைக்கலாமா?

குளச்சல்:

சோர்ந்தது வண்டி என்று நினைப்பார்கள், வேண்டாம் சார். கசிவு, ஒழுக்கு நல்ல பிரிப்பு, நான் கடையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். துணியால் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி, மறுபடி பாருங்கள் என்பதையும் எழுதுங்கள். படலம் மட்டும் வந்தால் கசிவு, வடிந்திருந்தால் ஒழுக்கு. பம்பரை அழுத்திவிட்டால் வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிட வேண்டும், ஆடிக்கொண்டிருந்தால் ஷாக் போய்விட்டது. ஒருபக்கம் போனாலும் அதே அச்சில் இரண்டையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஷாக்கும் வில்லும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் வகை என்றால் வில்லை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் யாரும் தொடக் கூடாது. அந்த வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. இதைச் சிவப்பில் அச்சடியுங்கள்.

நாகர்கோவில், ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. தாளில் 'அதிர்வு தணிப்பான்' என்று முதலில் எழுதி, அதன்பின் முழுவதும் 'ஷாக்' என்றே போகிறேன். நால்வரில் மூவர் அதற்கு ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன், டீச்சர் 'அதிர்வடக்கி'யை விட்டுக்கொடுத்தார் என்றால். கசிவு, ஒழுக்கு இரண்டும் தலைப்பிலேயே வருகின்றன. பிரேக் எண்ணெய், வில் ஆபத்து இரண்டும் சிவப்பில்.

மார்த்தாண்டம்:

விட்டுக்கொடுக்கவில்லை சார், நேரமில்லை என்பதால் பேசாமல் இருக்கிறேன். அடுத்த பதிப்பில் 'அதிர்வடக்கி'யையும் பக்கத்தில் போடுங்கள், எது நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

தக்கலை:

அச்சடியுங்கள், தடையில்லை. என் கருத்து மாறவில்லை. தணிப்பது அதிர்வை அல்ல, விதிர்ப்பை. இரணியல் தம்பியே 'இடியை வில் வாங்குகிறது, ஆட்டத்தை ஷாக் அடக்குகிறது' என்று எழுதிவிட்டு, பெயரில் மட்டும் அதிர்வை வைத்தால் அந்த வேறுபாடு எங்கே போயிற்று? உரியியலின் அந்த நூற்பாவுக்குச் உரையாசிரியர் சேனாவரையர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு இன்று இரவு விரிவாக எழுதுகிறேன்.