ஜூன் 19 வெள்ளி கிளம்பி லாப்லாந்து வரை கார்ல போறோம், அம்மா சுத்த சைவம், பிளான் சரியா? உதவுங்க

எஸ்போ அப்பாவி:
வணக்கம் மக்களே. பின்லாந்து வந்து எட்டு மாசம்தான் ஆகுது. ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பாவுக்கு 68, முட்டி வலி வேற. நான், வொய்ஃப், அஞ்சு வயசுப் பொண்ணு, மொத்தம் அஞ்சு பேர், லீவு 9 நாள். 19 வெள்ளி காலைல ஹெல்சிங்கி விட்டு நேரா வடக்க லாப்லாந்துல இருக்கற ரொவானியெமி, நடுராத்திரி சூரியன் பாத்துட்டு திரும்புறப்ப குவோப்பியோ, சவோன்லின்னா, பொர்வோன்னு பாத்துட்டே வரலாம்னு ஐடியா. அம்மா முட்டை கூட சாப்பிட மாட்டாங்க, அப்பாவுக்கு மீன் இல்லாம சோறு இறங்காது. போன தடவை ஆளில்லாத பங்க்ல 40 யூரோவுக்கு பெட்ரோல் போட்டேன், அக்கவுண்ட்ல அதுக்கு மேல பெரிய தொகையா காணோம், அப்படியே மூச்சு நின்னுடுச்சு. அப்புறம் பார்க்கிங் போர்டுல ஒரு நேரம் போட்டு கீழ இன்னொரு நேரத்தை அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கான், அது என்ன கணக்கு?

தம்பெரே மச்சான்:
ப்ரோ முதல்ல காலண்டரைப் பாருங்க. 19 வெள்ளி யுஹன்னுஸ், அதாவது இங்க நடுக்கோடைப் பண்டிகை, தொடங்குற நாள். இந்த ஊர்க்காரன் மொத்தப் பேரும் ஏரிக்கரை மரவீட்டுக்குப் போயிடுவான், ஹெல்சிங்கி நம்ம ஊர் பொங்கலன்னைக்கு சென்னை மாதிரி காலியா இருக்கும். பெரிய சூப்பர்மார்க்கெட் சிலது திறந்திருக்கும், ஆனா நிறைய கடை, ஹோட்டல் மதியத்தோட சாத்திடும், போற வழியில சாப்பிட்டுக்கலாம்னு நம்பி கிளம்பிடாதீங்க.

பெட்ரோல் விஷயம் ஒண்ணும் இல்ல. ஆளில்லாத பங்க்ல மெஷின் முதல்லயே ஒரு தொகையைப் பிடிச்சு வெச்சுக்கும், அப்புறம் போட்டதுக்கு மட்டும் எடுத்துட்டு மீதியை விட்டுடும். டெபிட் கார்டுன்னா பேங்க் அதை விடுவிக்க சில சமயம் சில நாள் இழுக்கும். கிரெடிட் கார்டு போடுங்க, பின் நம்பர் ஞாபகம் இருக்கணும்.

பார்க்கிங் போர்டு: அடைப்புக்குறி இல்லாத நேரம் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், அடைப்புக்குறிக்குள்ள இருந்தா சனி, சிவப்புல இருந்தா ஞாயிறும் பண்டிகை நாளும். வந்த நேரத்தைக் காட்டற நீல கடிகார அட்டை வெக்கச் சொல்லியிருந்தா 10:10க்கு வந்தீங்கன்னா முள்ளை 10:30ல வெக்கலாம், அது உங்களுக்கு லாபம்தான். நான் அட்டையே வெக்காம ஃபைன் கட்டி கத்துக்கிட்டேன்.

குவோப்பியோ அக்கா:
தம்பி, ரொவானியெமி 800 கிலோமீட்டருக்கு மேல. நிக்காம ஓட்டினாலே பத்து மணி நேரம், முட்டி வலிக்காரரையும் குழந்தையையும் வெச்சுட்டு ஒரே நாள்ல வேண்டவே வேண்டாம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், மரம், மரம்தான், மூணாவது மணி நேரத்துல அப்பா "இன்னும் எவ்வளவு தூரம்பா"ன்னு ஆரம்பிச்சுடுவார். ஆசை விடலன்னா காரையே ஏத்திக்கிட்டு போற நைட் ட்ரெயின் இருக்கு, அதுல போங்க. நான் சொல்றது என்னன்னா வடக்கை அடுத்த வருஷத்துக்கு விட்டுட்டு சைமா ஏரிப் பக்கம் சுத்துங்க. வியாழன் மதியத்துக்கு முன்னாடி கிளம்பி லப்பீன்ராந்தா, இமாத்ரா, பரிக்கலா, புன்காஹர்யு வழியா சவோன்லின்னா. பரிக்கலால ரோட்டோரமே ஒரு பேப்பர் மில் தொழிலாளி வீட்டைச் சுத்தி செஞ்சு வெச்ச நூத்துக்கணக்கான சிமெண்ட் சிலை இருக்கு, பாதிக்கு யோகாசனம்தான், அவர் 2010ல தவறிட்டார். முதல் தடவை பாக்கறப்ப கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், சிலதுக்கு பல்லு வேற நிஜப் பல்லு மாதிரி.

மரவீடு கிடைக்கறதுதான் கஷ்டம், யுஹன்னுஸுக்கு மொக்கி (அந்த மரவீடுதான்) தேடறதும் தீபாவளிக்கு ஆம்னி பஸ் டிக்கெட் தேடறதும் ஒண்ணு. கிடைச்சா புக் பண்றதுக்கு முன்னாடி கக்கூஸ் வீட்டுக்குள்ளயா, வெளிய மரக்கொட்டகையான்னு கேளுங்க, ஹூஸ்ஸின்னு போட்டிருந்தா வெளியதான். பெட்ஷீட், துண்டு நிறைய இடத்துல நாமதான் கொண்டு போகணும். கொசுவத்தி, அம்மாவுக்கு கண்ணுக்குக் கட்டிக்க துணி, சூரியன் பதினோரு மணிக்கு இறங்கினாலும் இருட்டாது.

சாப்பாடு: கர்யலன்பீரக்கா வாங்கிக் கொடுங்க, கம்பு மாதிரி கருப்பா இருக்கிற ரை மாவுக்குள்ள அரிசிக் கஞ்சி, ஆனா மேல தடவுற முட்டை வெண்ணெய் வேண்டாம்னு சொல்லணும். லிஹான்னா கறி, கலான்னா மீன், முனான்னா முட்டை, லீவதேன்னா ஜெலட்டின், இந்த நாலையும் போன்ல எழுதி அம்மாகிட்ட கொடுத்துடுங்க, மிட்டாய், தயிர்ல கூட ஜெலட்டின் ஒளிஞ்சிருக்கும். எங்க ஊர் கலகுக்கோ அப்பாவுக்கு ஆசையா இருக்கும், ரொட்டிக்குள்ள மீன், ஆனா பன்றிக்கொழுப்பும் இருக்கும், சொல்லிட்டேன்.

எஸ்போ அப்பாவி:
அக்கா ரொம்ப நன்றி. வொய்ஃப் முதல்லயே இதைத்தான் சொன்னா, நான்தான் கேக்கல. வடக்கு கேன்சல்.

எஸ்போ அப்பாவி (ரெண்டு வாரம் கழிச்சு):
அப்டேட். வியாழன் பதினொண்ணுக்குத்தான் கிளம்ப முடிஞ்சது, லப்பீன்ராந்தா வரைக்கும் பரவால்ல. மார்க்கெட்ல புது உருளைக்கிழங்கை எடை போடாம லிட்டர்ல அளந்து கொடுத்தான், சின்ன டப்பால குமிச்சு வெச்சு ஒரு தட்டு. அப்பா "அட, படி அளக்கறான் பாரு"ன்னு ரெண்டு லிட்டர் வாங்கிட்டார், அம்மா அன்னைக்கு ராத்திரியே மொக்கில அதை தோலோட கடுகு தாளிச்சு வறுத்தாங்க, நாங்க வீட்ல இருந்து கொண்டு போன ரசப்பொடி காப்பாத்துச்சு. மீன் கடைல முயிக்குங்கிற குட்டி ஏரி மீன், ரை மாவுல புரட்டி வெண்ணெய்ல பொரிச்சது, நெத்திலி வறுவல் மாதிரி முள்ளோட அப்படியே மெல்லலாம், அப்பாவுக்கு ரெண்டு பிளேட்.

வெள்ளி சாயங்காலம் பக்கத்து மொக்கிக்காரர் வாசல்ல ரெண்டு பக்கமும் பிர்ச் கன்னு நட்டு வெச்சிருந்தார், அப்பா "கல்யாண வீட்டு வாழைமரம்"ங்கிறார். ராத்திரி கரையில பெரிய தீ, நம்ம கார்த்திகை சொக்கப்பனை மாதிரியே, ஆனா ஸ்வெட்டர் போட்டுட்டு மழைத் தூறல்ல நின்னோம். மணி பன்னெண்டு, பொண்ணு "பகல்தானே, ஏன் தூங்கணும்"னு ஒரே சண்டை.

ஒலவின்லின்னா கோட்டை 1475ல கட்ட ஆரம்பிச்சதாம், கல் படி நிறைய, அப்பா கீழ பெஞ்சுல உக்காந்துட்டார். கெரிமாக்கி சர்ச் மட்டும் விடாதீங்க, 1847ல முடிச்சது, உலகத்துலயே பெரிய மர சர்ச், உள்ள மூவாயிரம் பேருக்கு மேல உக்காரலாம், ஊரோ சின்னக் கிராமம், யாருக்குக் கட்டினாங்கன்னு அம்மா இன்னும் கேட்டுட்டே இருக்காங்க. திரும்பி வர்றப்ப சாயங்காலம் ஒரு மூஸ் குறுக்கால நின்னுச்சு, மஞ்சள் முக்கோண போர்டு பாத்து ஸ்பீடு குறைச்சிருந்ததால தப்பிச்சோம்.

ஒரு சந்தேகம் அக்கா, அந்த லெய்பயூஸ்தோ சீஸ், கடிச்சா பல்லுல கீச்சுன்னு சத்தம் வருதே, அம்மாவுக்கு லக்காங்கிற மஞ்சள் காட்டுப் பழ ஜாமோட ரொம்பப் பிடிச்சிருக்கு, குழம்புல போடலாமான்னு கேக்கறாங்க.

குவோப்பியோ அக்கா:
தாராளமா, உருகாது, பனீர் மாதிரி நிக்கும். நான் பாலக்ல போடறேன். ஆனா சுத்த சைவம்னா பாலைத் திரிக்கப் போடற ரென்னெட் மிருகத்துல இருந்து எடுத்ததான்னு பாக்கெட்ல பாத்து வாங்குங்க தம்பி.